தாயம் விழவில்லையா, ஆடத் தெரியவில்லையா?
‘பிக்சல் டஞ்சன்’ ஆட்டமும் ஆடியவர்களின் தீர்ப்பும்

‘விளையாட்டுக்கெல்லாம் விமரிசனமா?’ என்று மலர்க்குழு நண்பர் ஒருவர் தொலைபேசியில் சிரித்தார். நியாயமான கேள்விதான். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றைப் பற்றி நம்மிடம் நாட்டுப்புறவியல் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. எத்தனை குழி, எத்தனை முத்து, எந்த ஊரில் என்ன பெயர் என்று அழகாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆனால் ‘இது நல்ல ஆட்டமா, இதன் அமைப்பில் எங்கே பழுது?’ என்ற கேள்வியைக் கேட்ட கட்டுரை என் கண்ணில் பட்டது மிகக் குறைவு. அந்த வேலையை இன்றுவரை ஆடுகிறவர்கள்தான் செய்துவருகிறார்கள். அதுவும் வாயால், அதுவும் தோற்ற சூட்டில். அந்த வாய்ப்பேச்சை ஒரு முறையேனும் உட்கார்ந்து ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு நான் எடுத்துக்கொண்டது பழைய ஆட்டம் அல்ல, கைத்தொலைபேசியில் ஆடும் ‘பிக்சல் டஞ்சன்’ என்ற சிறிய ஆட்டம். பழைய ஆட்டங்கள் தாமாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது எழுதத் தொடங்கியபின் தெரிந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரண்டு மாணவர்கள் ‘ரோக்’ என்று ஓர் ஆட்டம் எழுதினார்கள். பின்னால் பெர்க்லி வளாகத்தில் கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். அதற்குமுன் இருந்த கணினி ஆட்டங்களை ஒருதடவை முடித்துவிட்டால் சக்கைதான். எழுதியவனுக்கோ முதல் தடவையே சக்கை. தாங்களே எழுதியிருந்தாலும் தங்களுக்கே வியப்பு தரும் ஆட்டம் வேண்டும் என்று இவர்கள் விரும்பினார்கள். அதனால் நிலவறையின் அறைகளையும் வழிகளையும் பொருள்களையும் ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாகக் கலைத்துப் போடும்படி செய்தார்கள். படம் கிடையாது. வீரன் ஓர் அட் குறி. அரக்கர்கள் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகள். 26-ஆவது தளத்தில் ஒரு தாயத்து. அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வரவேண்டும். இடையில் செத்தால் செத்ததுதான். சேமித்து வைத்த கோப்பும் அழிந்துபோகும், முதல் தளத்திலிருந்து தொடங்கவேண்டும். யூனிக்ஸ் கணினிகளோடு இது பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பரவியது. இதன் பரம்பரையில் 1987-இல் ‘நெட்ஹாக்’, 1990-இல் ‘ஆங்பாண்ட்’ என்று பலவும் பிறந்தன. பெரும்பாலும் காசுக்காக எழுதப்பட்டவை அல்ல. ராத்திரி கண்விழித்து எழுதி, சும்மா கொடுத்தவை.

இந்தக் குடும்பத்துக்கு இலக்கணமும் வகுத்தாயிற்று. 2008-இல் பெர்லினில் கூடிய ஆட்ட ஆக்குநர்கள், இன்னின்ன இயல்பு இருந்தால் இது ‘ரோக்’ இனம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். கலைத்துப்போட்ட நிலவறை, மீளாச் சாவு, மாறிமாறி ஒரு நகர்வு, கட்டம் கட்டமான தரை, இருப்பைச் சிக்கனமாகச் செலவழித்தல் என்று போகும். அதன்பின் வந்த ஆட்டங்கள் ஒவ்வொன்றையும் அந்தச் சூத்திரத்தோடு ஒட்டிப் பார்த்து வழு என்றும் வழுவமைதி என்றும் ஆடுகிறவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நன்னூல் படித்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது.

‘பிக்சல் டஞ்சன்’ 2012 கடைசியில் வந்தது. ஓலெக் டோல்யா என்ற ஒரே ஒருவர், ‘பிரோக்’ என்ற மற்றொரு இலவச ஆட்டத்தைப் பார்த்து, ஆண்ட்ராய்டு தொலைபேசியில் விரலால் தொட்டு ஆடும்படி எழுதினார். இருபத்தைந்து தளங்கள்: சாக்கடை, சிறைச்சாலை, குகை, குள்ளர்களின் பாழ்நகரம், பேய்க்கூடம் என்று ஐந்தைந்தாகப் பிரித்தது. ஒவ்வொரு ஐந்தின் முடிவிலும் ஒரு பெரிய அரக்கன். மாய மருந்துக் குப்பிகள் பன்னிரண்டு நிறத்தில் கிடைக்கும். எந்த நிறம் எந்த மருந்து என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். குடித்துப் பார்த்தால்தான் தெரியும். போன ஆட்டத்தில் உயிர்காத்த நீலம் இந்த ஆட்டத்தில் உங்களையே கொளுத்திவிடும். பசி உண்டு. மெதுவாக ஆடினால் பட்டினியில் சாகலாம்.

இதை ஆடியவர்களின் கருத்தை நான் நேரில் கேட்டது கங்காதர நெல்லூரில். சித்தூரை அடுத்த எங்கள் ஊர். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆர்க்காட்டின் பகுதி. 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போனபோது நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோதும் சித்தூரோடுதான். ஆகவே பையன்கள் பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், தொலைபேசியில் ஆங்கிலம். இரண்டு கோடை விடுமுறைகளில் அக்காள் மகனும் அவன் கூட்டாளிகளும் வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டு ஆடியதைப் பார்த்தும் கேட்டும் எழுதிவைத்தேன். நானும் ஆடினேன். ‘பெரியவங்க ஆடக்கூடாதா?’ என்று கேட்க வேண்டியிருந்தது, அது வேறு.

அவர்களுடைய முதல் தீர்ப்பு ஒரே சொல்லில் இருந்தது: ‘தொண்டி.’

சென்னையில் ‘போங்கு’ என்பார்கள், தெற்கே ‘அழுகுணி ஆட்டம்’ என்பார்கள். தெலுங்கிலிருந்து எங்கள் தமிழுக்கு வந்த சொல் ‘தொண்டி’. மூன்றும் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றல்ல. அழுகுணி என்பது ஆடுகிறவனின் குணம். தோற்றுவிட்டு அழுது விதியை மாற்றுகிறவன். தொண்டி என்றால் செயல்: கட்டையை விரலிடுக்கில் பிடித்துத் தாயம் போடுவது, எதிராளி பார்க்காதபோது காயை ஒரு கட்டம் தள்ளுவது. ஆக, ‘இந்த ஆட்டம் தொண்டி மாமா’ என்று ஒரு பையன் சொன்னால், இயந்திரம் வேண்டுமென்றே தன்னை ஏமாற்றுகிறது என்று குற்றம் சாட்டுகிறான். உலகம் முழுவதும் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் முதன்மையான குறையும் இதுதான்: எல்லாம் அதிர்ஷ்டம், எவ்வளவு கவனமாக ஆடினாலும் நல்ல கவசம் கிடைக்காவிட்டால் சாவுதான், ஒருமணி நேரம் பாழ்.

இந்தக் குற்றச்சாட்டை ஆராய நம்மிடம் ஓர் அருமையான அளவுகோல் இருக்கிறது. பரமபத சோபான படம், தெலுங்கில் வைகுண்டபாளி. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க வேண்டி ஆடுவது. திருப்பதிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த ராத்திரியில் இதை ஆடாத வீடு எங்கள் தெருவில் இல்லை. சோழி உண்டு, இல்லையென்றால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவோம். பாட்டி ஏறுவாள், விழுவாள், ‘கோவிந்தா’ என்பாள். மேலே போகும் நேரத்தில் பெரிய பாம்பின் வாயில் அகப்பட்டுத் தரைக்கு வந்தால்கூட யாரும் ‘தொண்டி’ என்று சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை? பரமபதத்தில் ஆடுகிறவன் முடிவெடுக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. உருட்டுகிறோம், போகிறோம். ஒரு கணக்கு வேண்டுமென்றால், அமெரிக்காவில் விற்கும் நூறு கட்டப் பலகையில் ஒருவர் மேலே போய்ச் சேரச் சராசரியாக நாற்பது முறை வரை சுழற்ற வேண்டியிருக்கும். அந்த நாற்பதில் ஒன்றுகூட அவர் யோசித்துச் செய்தது அல்ல. முழுக்க முழுக்க விதி. ஆகவே முறையிட இடமில்லை. குற்றம் சாட்ட ஆளும் இல்லை. வடநாட்டில் 72 கட்டப் பலகைகளும், சமணர்களிடம் 84 கட்டப் பலகைகளும் உண்டு. எல்லாவற்றிலும் கட்டங்களுக்குப் பெயர் இருக்கும்: நற்செயல் ஏணியின் கால், தீச்செயல் பாம்பின் வாய். ஆட்டம் போதிப்பது வினைப்பயன். ஆட்டத்தின் எந்திரமோ வினைக்கே இடம் தராத குருட்டு உருட்டல். இந்த முரணை யாராவது வைணவப் பெரியவர் விளக்கினால் கேட்டுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

1890-களில் இது இங்கிலாந்துக்குப் போனபோது, பழைய பலகைகளில் ஏணியைவிடக் கூடுதலாக இருந்த பாம்புகளைக் குறைத்து இரண்டையும் ஏறக்குறையச் சமமாக்கினார்கள். 1943-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. ஆடுகிறவர் முகம் கோணாமல் ஆட்டத்தைத் திருத்துவது எனும் வேலை இன்று நேற்றுத் தொடங்கியது அல்ல. ஒவ்வொரு திருத்தத்திலும் ஆட்டம் இன்னும் சாதுவானது. இன்னும் சுவை கெட்டது என்பது என் கட்சி.

மறுமுனையில் ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. உருட்ட ஒன்றுமில்லை, எல்லாம் கண்ணெதிரே. அதிலும் ‘தொண்டி’ இல்லை, ஏனென்றால் தோற்றால் புத்தி போதவில்லை என்றுதான் பொருள். ‘தொண்டி’ என்ற கூச்சல் எழும்புவது இரண்டுக்கும் நடுவில், தாயத்தில். அங்கே விழுவது விதி. எந்தக் காயை நகர்த்துவது என்பது மதி. தோற்றவன் விதியைக் குறை சொல்லலாம், வென்றவன் மதியைப் பாராட்டிக்கொள்ளலாம். இருவரும் ஓரளவு பொய் சொல்கிறார்கள். ‘பிக்சல் டஞ்சன்’ இந்தத் தாயத்தின் தம்பி. ஆகவே அதைப் பற்றிய கருத்துகளில் பாதி தாயக்காரர்களின் பழைய வழக்கே.

சரி, வழக்கை விசாரிப்போம். டோல்யா 2014-இல் ஆட்டத்தின் மூல நிரலை யாரும் படிக்கலாம், எடுத்து மாற்றலாம் என்று திறந்துவிட்டார். மென்பொருள் தொழிலில் இருப்பவன் என்பதால் நான் அதைப் படித்துப் பார்த்தேன். அங்கே ஒரு சுவையான சங்கதி இருக்கிறது. கத்தியையும் கவசத்தையும் கூர்மைப்படுத்தும் மந்திரச் சுருள், வீரனின் வலுவைக் கூட்டும் குப்பி, இவை இரண்டும்தான் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி. இவை கண்டபடி விழுவதில்லை. முதல் இருபது தளங்களில் ஐந்து தளத்துக்குச் சுருள் மூன்று, வலுக்குப்பி இரண்டு என்று கணக்கு வைத்து, இதுவரை எத்தனை கொடுத்தோம், இன்னும் எத்தனை பாக்கி என்று பார்த்துப் பார்த்து வைக்கிறது நிரல். ரேஷன் கடை மாதிரி. எந்த அறையில், எந்த மூலையில் என்பதுதான் உருட்டல். மொத்த அளவு உறுதி. கடைசி ஐந்து தளத்தில் மட்டும் கை கொஞ்சம் இறுகும்.

அப்படியென்றால் ‘எல்லாம் அதிர்ஷ்டம்’ என்பது உண்மையில்லை. ஆனால் முழுப்பொய்யும் இல்லை. ஏனென்றால் ரேஷனில் அரிசி உறுதி, பருப்பு உறுதியில்லை. நல்ல கவசம் கிடைப்பதற்கும் மோதிரம் கிடைப்பதற்கும் உத்தரவாதம் எதுவும் எழுதப்படவில்லை. சுருள்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு கடைசிவரை உருப்படியான கவசம் வராமல் செத்த ஆட்டங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆட்டக்காரர்கள் சொல்லும் குறையில் நியாயமான பகுதி இந்த இடம்தான். அவர்களோ இதை விட்டுவிட்டு ஐந்தாம் தளத்து ‘கூ’வைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

‘கூ’ என்பது முதல் பெரிய அரக்கன்; ஒரு கரிய களிமண் உருண்டை. அது அவ்வப்போது மூச்சைப் பிடித்துப் புடைக்கும், அடுத்த நகர்வில் பேரடி அடிக்கும். தண்ணீரில் நின்றால் அதன் காயம் ஆறும். முதல் வாரம் எங்கள் பையன்கள் எல்லோரும் அதனிடமே செத்தார்கள். தீர்ப்பு ஒருமுகம்: ‘ஒரே அடியில கொல்லுது மாமா, இது நியாயமே இல்ல.’ இரண்டாம் வாரம் ஒருவன் கவனித்தான்: அது புடைப்பது ஓர் எச்சரிக்கை. திரையில் அதை எழுத்தில்கூடச் சொல்கிறது. அப்போது பின்வாங்கிவிட்டால் அடி காற்றில் போகும். மூன்றாம் வாரம் அதே பையன் சின்னவர்களிடம், ‘கூகிட்ட செத்தவன்லாம் ஆளா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். அரக்கன் மாறவில்லை. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மூன்று வாரத்தில் மூன்று விமரிசனம்.

இதிலிருந்து எனக்குப் பட்டது: ஆடியவர் கருத்தை எடைபோட முதலில் அவர் எத்தனை முறை செத்தார் என்று கேட்க வேண்டும். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் படம் பார்த்தவர் சொல்வது போல, செத்த நிமிடத்தில் சொல்வது கருத்தல்ல, முனகல். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அதை நட்சத்திரக் கணக்கில் கூட்டிச் சராசரி போடும்போது முனகலும் தீர்ப்பும் ஒரே எடையாகிவிடுகின்றன. நூறு முறை செத்தவர் சொல்வதிலும் ஒரு கோளாறு உண்டு; தாம் பட்ட பாட்டை மற்றவரும் படவேண்டும் என்பார். மாமியார் பேச்சு அது.

நியாயமான சாவு எது என்பதற்கு இந்த இனத்தின் பெரியண்ணனான ‘நெட்ஹாக்’கில் ஓர் உதாரணம் உண்டு. ‘காக்கட்ரைஸ்’ என்ற கோழி போன்ற ஒரு பிராணியின் பிணத்தை வெறுங்கையால் தொட்டால் கல்லாகிவிடுவோம். முதல் தடவை கல்லாகிறவர் கொதிப்பார். ஆனால் கையுறை போட்டுக்கொண்டு அதே பிணத்தைத் தூக்கிப் பிறரை அடித்தால் அவர்கள் கல்லாவார்கள். ஒரே விதி, இரு பக்கமும் வெட்டுகிறது. விதி எனக்கும் எதிரிக்கும் ஒன்றாக இருந்தால் அந்தச் சாவு எவ்வளவு கொடியதானாலும் தொண்டி அல்ல. ‘பிக்சல் டஞ்சன்’ பெரும்பாலும் இந்தப் பண்பைக் காக்கிறது. கொளுத்தும் குப்பியைத் தெரியாமல் குடித்தால் நாம் எரிவோம். தெரிந்தபின் எறிந்தால் அரக்கன் எரிவான். தெரியாத குப்பியைத் தண்ணீர்ப் பக்கம் நின்று குடி என்பது பையன்கள் தாங்களாகக் கண்டுபிடித்த விதி. யாரும் சொல்லித் தரவில்லை.

‘படம் சரியில்லை’ என்ற குறையை நான் பொருட்படுத்தவில்லை. பதினாறு புள்ளிக்குப் பதினாறு புள்ளியில் ஒரு நண்டும் எலியும் தெரிகின்றன, போதும். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, இரண்டு பேர் பிடித்த ஒரு துணித்திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் கொலுவுக்கு வருகிறான். யாரும் அரண்மனையைக் கேட்பதில்லை. ‘கதை இல்லை’ என்ற குறையும் அப்படித்தான்.

சாவுக்குப்பின் என்ன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு தளத்தில் நீங்கள் செத்தால், பின்னொரு ஆட்டத்தில் அதே ஆழத்தில் உங்கள் எலும்புக்கூடு கிடக்கலாம்; அதனடியில் நீங்கள் வைத்திருந்த ஒரு பொருள் இருக்கும். முன்னவன் விட்டுப்போனதைப் பின்னவன் எடுத்துக்கொண்டு போகிறான். ‘நெட்ஹாக்’கிலும் இது உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லைப் பேசுகிறது. பழைய வட ஆர்க்காட்டுப் பகுதி முழுக்க மாடு மீட்கச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. இந்த எலும்புக்கூட்டைக் கண்டதும் அந்தக் கல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அக்காள் மகனுக்கோ, ‘அதுல என்ன கத்தி மாமா இருக்கு?’ என்பதுதான் கேள்வி. அவன் கட்சியிலும் நியாயம் உண்டு. நடுகல்லுக்குப் படைத்த கள்ளும் யாரோ குடித்ததுதானே.

திரும்பத் திரும்ப முதல் தளத்துக்கே போவதைப் பற்றி ‘அலுப்பு’ என்போரும் உண்டு, ‘அதுதான் சுகம்’ என்போரும் உண்டு. அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு வேதாளம் முருங்கை மரம் ஏறுவது பழகிய சங்கதி. ஒரு வேறுபாடு: விக்கிரமாதித்தன் விடை தெரிந்ததால் மரத்துக்குத் திரும்புகிறான், இங்கே விடை தெரியாததால். வள்ளுவர் 94-ஆம் அதிகாரத்தைச் சூதுக்கு ஒதுக்கி, அதன் கடைசிக் குறளில், இழக்க இழக்கச் சூதின்மேல் ஆசை கூடுவதுபோல, துன்பப்படத் துன்பப்பட உயிருக்கு உடம்பின்மேல் ஆசை கூடும் என்கிறார். சூதைக் கண்டிக்க வந்தவர் கடைசியில் அதை உயிராசைக்கு உவமையாக்கிவிட்டார். மீளாச் சாவு வைத்த ஆட்டங்கள் ஏன் பிடிக்கின்றன என்பதற்கு இதைவிடக் கூரான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

ஆனால் சூதில் பணம் போகும், இங்கே என்ன போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் ஒன்றுவிட்ட அண்ணன். மாந்தோப்பு வைத்திருப்பவர். எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு கீழே போய்விட்டது என்பது ஊரறிந்தது. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி மட்டும் வந்த நிலங்கள் உண்டு. அவர் தேங்காய் வைத்துப் பார்ப்பவரையும் அழைத்தார், கருவி வைத்துப் பார்ப்பவரையும் அழைத்தார். நான்கு போர். மூன்றில் ஒன்றுமில்லை. கடன் மட்டும் ஊறியது.

பையன் ஆட்டத்தில் செத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான். அண்ணன் கேட்டார்: ‘செத்தா என்னடா போவும்?’

‘ஒண்ணும் போவாது பெத்தமாமா. மொதல்ல இருந்து ஆடணும்.’

‘மொதல்ல இருந்து ஆட விடறானா? அப்புறம் எதுக்குடா தொண்டின்ற?’

அவரையும் ஆட வைத்தோம். மனுஷர் மிகவும் பொறுமையாக ஆடினார், கதவு நிலையில் நின்றுகொண்டு ஒவ்வொரு எலியாக வரவிட்டு அடித்தார். மூன்றாம் தளத்தில் நண்டு கொன்றது. பையை எடுத்துப் பார்த்தால் உள்ளே ஏழு குப்பி, ஒன்றுகூடத் திறக்கவில்லை. ‘ஏண்ணே, சாவற நேரத்துலயாவது ஒண்ணைக் குடிச்சிருக்கலாமே?’ என்றேன். ‘என்னா இருக்குதுன்னு தெரியாததுல கைல இருக்கறத வெக்கக் கூடாது தம்பி’ என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

இந்தக் ‘குப்பியைப் பதுக்கிவைத்துச் சாவது’ இந்த ஆட்டத்தில் புதியவர்கள் செய்யும் முதல் பிழை என்று தேர்ந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அது வெறும் ஆட்டப்பிழை அல்ல என்று அன்றைக்குத் தோன்றியது. இழந்தால் திரும்ப ஆட விடமாட்டார்கள் என்று கற்ற கை, இலவசக் குப்பியைக்கூடத் திறக்காது. ‘துணிந்து பரிசோதனை செய்’ என்று ஆட்டம் சொல்லும் பாடம் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. ஆட்டக் கருத்துகளைத் தொகுப்பவர்கள் ஆடியவர் வயதைக் கேட்கிறார்கள், நாட்டைக் கேட்கிறார்கள். நான்காவது போரைப் பற்றிக் கேட்பதில்லை.

இனி ஆட்டக்காரர்கள் ஆட்டத்தையே மாற்றிய கதை. டோல்யா பிந்தைய பதிப்பு ஒன்றில், பயன்படுத்தப் பயன்படுத்தக் கத்தியும் கவசமும் தேயும்படி வைத்தார். பெரும் கூச்சல். ‘கஷ்டமாகிவிட்டது’ என்றார்கள். என் எண்ணத்தில் கஷ்டம் அல்ல குறை. அரிவாள் தேய்வது இயற்கை; எங்கள் ஊர்ச் சந்தையில் சாணை பிடிப்பவர் பிழைப்பே அதுதான். ஆனால் இந்த ஆட்டத்தின் பெரிய முடிவு ஒன்றே ஒன்று: கிடைக்கும் சில சுருள்களை எந்தப் பொருளில் போடுவது? அது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போல, ஒருமுறை எடுத்துக் கடைசிவரை கூட வரும் முடிவு. அந்தப் பொருளே தேயும் என்றால் முடிவின் கனம் போய்விடுகிறது. ஆட்டக்காரர்களின் தீர்ப்பு சரி, சொன்ன காரணம்தான் பொருந்தவில்லை. இது இலக்கிய விமரிசனத்திலும் அடிக்கடி நடப்பது.

நிரல் திறந்திருந்ததால் கூச்சல் கூச்சலோடு நிற்கவில்லை. 2014-லேயே எவன் டெபென்ஹாம் என்ற ஆட்டக்காரர் அதை எடுத்து, தேய்மானத்தை நீக்கி, சமன்பாடுகளைத் திருத்தி ‘ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன்’ என்று வெளியிட்டார். வேறு சிலரும் ‘ஸ்பிரவுட்டட்’ போன்ற கிளைகளை உண்டாக்கினார்கள். டெபென்ஹாமின் கிளை மட்டும் பத்தாண்டுக்கும் மேலாக வளர்ந்து, 2023-இல் புது வீராங்கனை ஒருத்தியையும் சேர்த்து, மூலத்தைவிடப் பெரிய மரமாகிவிட்டது. பாட்டுக்கு உரை எழுத வந்தவர் தம் பெயரில் காப்பியமே எழுதிவிட்ட மாதிரி. விமரிசனம் என்றால் குறை சொல்லுவது மட்டுமா, செய்து காட்டுவதும் சேர்த்தியா என்ற பழைய கேள்விக்கு இங்கே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது.

எந்தக் கிளை சிறந்தது? என் வாக்கு ‘ஷாட்டர்ட்’ பக்கம்தான், ஆனாலும் ஒரு மனத்தாங்கலுடன். மூல ஆட்டத்தில் ஒரு கரடுமுரடான ஓசை இருந்தது. ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதியது தெரிந்தது. திருத்தத் திருத்த அது வழவழப்பாகிக்கொண்டு வருகிறது. இரண்டிலும் உள்ள குறை, கடைசித் தளங்கள். இருபதைத் தாண்டியவன் ஏற்கெனவே வலுத்துவிட்டான். பேய்க்கூடத்தில் அவனுக்குப் பயமும் இல்லை, புது முடிவும் இல்லை, நடைதான். ஐந்து முதல் பதினைந்துவரை உள்ள தளங்களில்தான் ஆட்டத்தின் முழுச் சாறு. மூன்றாவது பெரிய அரக்கனைக் கொன்றால்தான் வேட்டைக்காரி வருவாள் என்று மூலத்தில் பூட்டி வைத்ததும் எனக்கு உடன்பாடில்லை. தோற்பவனுக்குத்தான் புது ஆள் தேவை.

நிரலில் கண்ட ரேஷன் கணக்கை அக்காள் மகனிடம் சொன்னபோது அவன் மகிழவில்லை. ‘அத ஏன் மாமா சொன்னீங்க? இப்ப அஞ்சாவது மாடி போறதுக்குள்ள மூணு வரலன்னா எங்கியோ உட்டுட்டேன்னு தேடிக்கினே இருப்பேன்’ என்றான். முன்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். இப்போது கிடைக்காவிட்டால் தன் தப்பு. கூட இருந்த இன்னொரு பையனோ, ‘அப்ப தொண்டி இல்லன்னு ஆயிடிச்சி’ என்று திருப்தியாகத் தலையாட்டினான். இரண்டு நாள் இதே வாக்குவாதம். அண்ணன் மட்டும், ‘போர்லயும் இந்த மாதிரி எழுதி வெச்சிருந்தா நல்லா இருக்கும்’ என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார்.

புதிதாக ஆடிப் பார்க்க விரும்பும் அன்பர்கள் ‘ஷாட்டர்ட்’ கிளையில் போர்வீரனை வைத்துத் தொடங்கலாம். கிடைத்த குப்பிகளை முதல் இரண்டு தளத்திலேயே, தண்ணீர்ப் பக்கமாக நின்று, குடித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாம் தளத்தில் அந்தக் கரிய உருண்டை மூச்சைப் பிடித்துப் புடைக்கும்போது எதிரில் நிற்காதீர்கள். இரண்டு அடி பின்னால் போய்விடுங்கள்.